மடியில் கத்தி, வழியில் பயம்

பாடசாலையால் வந்த மகனின் காற்சட்டையைச் சலவைக்குப் போடுமுன் அதன் பையைத் தடவிப் பார்க்கிறாள் ஒரு தாய். கைக்கு அகப்படுவது ஒரு மடக்குக்கத்தி. நெஞ்சு பதைக்க மகனைக் கேட்கிறாள். ‘சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் அம்மா’ என்று மறுமொழி வருகிறது.

இது இன்ன வீட்டில் நடந்தது என்று சுட்டுவதற்காக இங்கு சொல்லப்படவில்லை. பிரித்தானிய நகரங்களில் வாழும் எந்த அகதிக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது இது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவன் எவரையும் குத்த எண்ணவில்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் கும்பலைக் கண்டு அஞ்சியே அதை வாங்கினான். ஆயினும் ‘பாதுகாப்பு’ என்ற சொல் தன்னைக் காக்கும் என்று அவன் நம்புவதில்தான் பெரும் பிழை இருக்கிறது. இந்நாட்டின் சட்ட வரலாற்றை அறிந்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். அவனை விடுவிக்கும் என்று அவன் எண்ணும் அதே சொல்தான் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொல்.

இந்த முரண் எவ்வாறு உண்டாயிற்று? மடக்குக்கத்தியை மடியில் வைத்திருப்பதால் வரும் நன்மை யாது, தீமை யாது? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லுக்கத்தி பிறந்த கதை

மடக்குக்கத்தி மிகத் தொன்மையான கருவி. ஒஸ்திரியாவில் ஹால்ஸ்ராட் என்னும் இடத்திற் கிடைத்த, எலும்புப் பிடியுடைய மடக்குக்கத்தி கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டளவில் செய்யப்பட்டது என்பர். உரோமரும் மடக்குக்கத்திகளைப் பயன்படுத்தினர். கரண்டியும் முள்ளும் கத்தியும் ஒன்றாய் மடங்கும் வெள்ளிக் கருவி ஒன்று, உரோமர் காலத்தது, கேம்பிரிட்ஜ் நகரின் பிற்ஸ்வில்லியம் அரும்பொருட்சாலையில் இன்றும் உள்ளது. அலகை உள்ளே மடக்கி வைத்ததன் காரணம் எளியது. வழிப்போக்கனுக்கு உறை தேவையில்லை. தன் உடலையும் உடையையும் அலகு கிழிக்காது.

மத்திய கால ஐரோப்பாவில் ஒவ்வொருவரும் தம் உணவை வெட்டத் தம் கத்தியையே கொண்டு சென்றனர். விருந்துக்குப் போனவனும் தன் கத்தியோடுதான் போனான். ஆங்கிலக் கவிஞர் சோசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கதைகளில் ஒன்றிலே, மா அரைக்கும் ஆலைக்காரன் ஒருவன் ஷெபீல்ட் கத்தியைக் காலுறையிற் செருகியிருந்தான் என்ற குறிப்பு வருகிறது. ஷெபீல்டின் கத்தித் தொழில் அக்காலத்திலேயே அவ்வளவு புகழ் பெற்றிருந்தது. 1624ஆம் ஆண்டில் அந்நகரக் கத்தித் தொழிலாளரின் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அங்கீகாரம் பெற்றது. அந்த நூற்றாண்டிலே அலகின் முதுகுப்புறம் எஃகு வில் ஒன்றைப் பொருத்தி, திறந்த அலகு தானாக மடங்கிவிடாது தடுக்கும் முறை பரவிற்று. எமது ஊரில் இக்கத்தியை வில்லுக்கத்தி என்றழைத்தோமே, அந்த வில் இதுதான். வில்லுவண்டியின் வில்லும் இதன் இனமே.

1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் யோசெப் ஒப்பினெல் என்பவர் மரப்பிடியுடைய எளிய மடக்குக்கத்தியைச் செய்தார். உழவரும் மேய்ப்பரும் அதனை விரும்பி வாங்கினர். வேலையின்போது அலகு மடங்கி விரலை வெட்டாதிருக்கும் பொருட்டு, 1955இல் அதில் சுழலும் பூட்டு வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. சுவிற்சர்லாந்தின் இபாக் ஊரைச் சேர்ந்த கார்ல் எல்சனர் 1891இல் அந்நாட்டு இராணுவத்துக்கு மடக்குக்கத்திகளை வழங்கத் தொடங்கினார். உலகறிந்த செந்நிற அதிகாரிக் கத்தி 1897இல் உருவாயிற்று. இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இராணுவ வீரனுக்குக் கொடுக்கப்பட்ட அந்த மடக்குக்கத்தி போர் செய்வதற்கன்று. உணவு ரின்னைத் திறப்பதற்கும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவதற்குமே அது கொடுக்கப்பட்டது. படைக்கலம் ஏந்தியவனே மடக்குக்கத்தியைக் கருவியாக மட்டும் கொண்டான்.

எமது மண்ணிலும் அவ்வாறே. பனை ஏறுபவரின் பாளைக்கத்தி, ஓலை வார்ந்து பெட்டி இழைக்கும் பெண்களின் சத்தகம், மாங்காய் வெட்டும் வில்லுக்கத்தி எல்லாம் பிழைப்புக்கும் பசிக்கும் உரியவையாய் இருந்தன. ஆகவே கத்தியைக் கண்டவுடன் கொலையை நினைப்பது சரியன்று. கத்தியின் குணம் அதை ஏந்துபவனின் நோக்கத்தில் உள்ளது. ஆங்கிலச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நோக்கம் என்னும் அளவுகோல்

ஆயுதம் தரித்து ஊருக்குள் உலாவுவதை இங்கிலாந்து மிகப் பழங்காலத்திலேயே தடுத்தது. மூன்றாம் எட்வேர்ட் மன்னன் காலத்தில், 1328இல், நோர்தாம்ரன் நகரில் இயற்றப்பட்ட சட்டம் சந்தைகளிலும் பிற இடங்களிலும் இரவிலோ பகலிலோ ஆயுதத்துடன் திரிவதை விலக்கிற்று. அரச பணியாளர் போன்ற சிலருக்கே விதிவிலக்கு. குடிகளைக் காப்பது மன்னனின் கடன். ஒவ்வொருவனும் தானே தனக்குக் காவலனாகி ஆயுதமேந்தினால் அவனைக் கண்டு அயலவன் அஞ்சுவான், அயலவனும் ஆயுதம் தேடுவான் என்ற சிந்தனை அதன் அடியில் இருந்தது. இச்சிந்தனை இன்றும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தெரு வன்முறை பற்றிய கவலை மிகுந்தபோது, 1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் வந்தது. பொது இடத்தில் தக்க காரணமின்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதை அது குற்றமாக்கிற்று. தாக்கும் ஆயுதம் எது என்பதற்கு மூன்று வகைகளைச் சட்டம் கூறுகிறது. ஆளைக் காயப்படுத்தவென்றே செய்யப்பட்டது முதல் வகை. அதற்காக மாற்றியமைக்கப்பட்டது இரண்டாம் வகை. வேறு தேவைக்கு உரியதாயினும், ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்துடன் ஒருவன் வைத்திருப்பது மூன்றாம் வகை. தக்க காரணம் இருந்ததென நிறுவும் பொறுப்பும் வைத்திருந்தவன் மீதே சுமத்தப்பட்டது.

மூன்றாம் வகைதான் எமக்கு முக்கியம். அப்பிள் வெட்டுவதற்கு ஒருவன் வைத்திருக்கும் சிறு மடக்குக்கத்தி ஆயுதமன்று. அதே கத்தியை வைத்திருக்கும் மற்றொருவன் பொலிஸாரிடம், ‘யாராவது அடிக்க வந்தால் குத்துவதற்கு’ என்று சொன்னால், அக்கணமே அது ஆயுதமாகிவிடுகிறது. அலகும் நீளமும் மாறவில்லை. வாயிலிருந்து வந்த சொல் மட்டுமே மாறியது. தாயிடம் மகன் சொன்ன ‘பாதுகாப்பு’ என்ற சொல்லின் ஆபத்து இதுவே.

1959இல் மற்றொரு சட்டம் வந்தது. பொத்தானை அழுத்தியவுடன் அலகு பாயும் கத்தியையும், உதறியவுடன் அலகு விழும் கத்தியையும் செய்வதும் விற்பதும் அதனால் தடைப்பட்டன. வேலைக்காரனுக்கு அலகு மெல்லத் திறந்தாலும் போதும். நொடியிற் பாய வேண்டிய தேவை சண்டைக்காரனுக்கே உண்டு என்பது அக்காலத்தவர் கருத்து. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கத்திகளை வீட்டினுள் வைத்திருப்பதையும் குற்றமாக்கிற்று.

நீதிமன்றத்தில் ‘பாதுகாப்பு’

‘தற்காப்பு எமது உரிமையல்லவா?’ என்று கேட்பவர் உண்டு. உரிமைதான். தாக்கப்படும் ஒருவன் தன்னையும் பிறரையும் காக்க நியாயமான அளவு பலத்தைப் பிரயோகிக்கலாம் என்பதை ஆங்கிலச் சட்டம் என்றும் மறுத்ததில்லை. தாக்கப்படுபவன் அந்தப் பதற்றத்தில் தராசு பிடித்து நிறுக்க முடியாது என்பதையும் நீதிபதிகள் ஏற்றுள்ளனர். ஆனால் தாக்கப்படும்போது தடுப்பது ஒன்று. தாக்கப்படலாம் என்று எண்ணி நாள்தோறும் ஆயுதம் சுமப்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரிக்கும் கோட்டை வழக்குகள் வரைந்தன.

எடின்பரோ நகரில் இரவில் ரக்சி ஓட்டிய ஒருவர், வன்முறையில் இறங்கும் பயணிகளுக்கு அஞ்சி, உலோகம் செருகிய இறப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றை வைத்திருந்தார். அவரது அச்சம் பொய்யன்று. இரவில் தனியாக வாகனமோட்டும் எவருக்கும் அது விளங்கும. ஆயினும் 1967இல் ஸ்கொத்லாந்தின் உயர் நீதிமன்றம் அதைத் தக்க காரணமாக ஏற்கவில்லை. அன்று அதே சட்டமே அங்கும் நடைமுறையில் இருந்தது. எமது சமூகத்தில் எத்தனை பேர் இரவில் ரக்சி ஓட்டினர், பெற்றோல் நிலையத்திலும் மதுக்கடையிலும் தனியே நின்று காசு எண்ணினர் என்பதை நினைக்கும்போது இத்தீர்ப்பு எம்மைப் பற்றியது என்றே தோன்றும்.

1972இல் இங்கிலாந்தில் மற்றொரு வழக்கு. ஒரு கிழமைக்கு முன் மூவரால் தாக்கப்பட்ட ஒருவர் உலோகக் கம்பியுடன் நடந்து சென்றார். நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்க்கவில்லை. எனினும் இது எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்கு என்றது. உடனடியாக வரவுள்ள, இன்னதென்று குறிப்பிடத்தக்க ஆபத்து இருந்தால் மட்டுமே இக்காரணம் செல்லும். என்றோ ஒருநாள் எவராவது தாக்கக்கூடும் என்ற பொது அச்சத்துக்காக எப்போதும் ஆயுதம் தரிப்பது செல்லாது என்று அது விளக்கிற்று. அன்று தொட்டு இதுவே அளவுகோல்.

அச்சம் பொய்யன்று

இவற்றைப் படிக்கும்போது ஒரு கசப்பு எழுவது இயல்பு. நிறத்துக்காகத் தாக்கப்பட்டவர்களிடம் ‘பொது அச்சம் செல்லாது’ என்று சொல்வது எளிதா? 1976இல் சவுத்தோலில் 18 வயதுக் குர்தீப் சிங் சகார் கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டார். 1978 மே 4ஆம் நாள் கிழக்கு இலண்டன் வைற்சப்பலில் வேலை முடிந்து வீடு திரும்பிய வங்காளத் தையற்றொழிலாளி அல்தாப் அலி குத்திக் கொல்லப்பட்டார். நியூஹாமில் எம்மவர் ஒருவர், புகலிடம் தேடி வந்த தமிழ் இளைஞர், 1991 இறுதியில் வெள்ளையினக் கும்பலொன்றினால் தாக்கப்பட்டு 1992 ஜனவரியில் உயிர் நீத்தார். 1993 ஏப்ரல் 22ஆம் நாள் எல்தமில் பேருந்துக்குக் காத்திருந்த மாணவர் ஸ்ரீபன் லோறன்ஸ் இனவெறியர்களாற் குத்திக் கொல்லப்பட்டார். பொலிஸார் காப்பர் என்ற நம்பிக்கை அக்காலத்தில் எம் போன்றோரிடம் குறைந்திருந்ததில் வியப்பில்லை.

அந்த அச்சத்தின் நடுவே அச்சமூகங்கள் என்ன செய்தன என்பதுதான் வரலாறு எமக்குத் தரும் பாடம். சவுத்தோல் இளைஞர் இயக்கமாக ஒன்றுகூடினர். அல்தாப் அலியின் சவப்பெட்டிக்குப் பின்னே, 1978 மே 14ஆம் நாள், ஏறத்தாழ 7,000 பேர் வைற்சப்பலிலிருந்து பிரதமரின் வாசலை நோக்கி நடந்தனர். அவர் விழுந்த இடத்துக்கு அருகிலுள்ள பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்ரீபனின் பெற்றோர் ஓயாது போராடியதன் பயனாக 1999இல் வெளிவந்த மக்பேர்சன் அறிக்கை, இலண்டன் பொலிஸ் துறையிலே நிறுவனமயமான இனவாதம் இருந்ததென்று பதிவு செய்தது. அவரைக் கொன்றவர்களுள் இருவர் 2012 ஜனவரியிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 19 ஆண்டுகள் சென்றன. ஆயினும் அந்தப் பெற்றோர் நாடெங்கும் சட்டத்தை மாற்றினர்.

ஆயுதத் தற்காப்பு என்னும் வாதம் வென்ற வழக்கும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காது சொல்வதே நேர்மை. 1981 யூலையில் இனவாதிகள் ஊருக்குள் வரப்போகிறார்கள் என்ற செய்தி பிராட்போர்ட் நகரிற் பரவியபோது, ஆசிய இளைஞர் சிலர் பெற்றோற் குண்டுகளைச் செய்து வைத்தனர். அவை பயன்படுத்தப்படவில்லை. 12 பேர் கைதாகினர். 1982இல் லீட்ஸ் நீதிமன்றத்தில் அவர்கள், ‘எமது சமூகத்தைக் காக்கவே செய்தோம்’ என்று வாதிட்டனர். யூரிமார் அனைவரையும் விடுவித்தனர். அதே 1981 கோடைக் கலவரங்களின்போது தன் கடையைக் காக்கக் குண்டு செய்த கடைக்காரர் ஒருவரின் வழக்கிலும், உடனடி ஆபத்தைத் தடுப்பது சட்டபூர்வமான நோக்கமாகலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 1984இற் கூறிற்று.

இவை எமது பிள்ளையின் காற்சட்டைப் பைக்குப் பொருந்துமா? பொருந்தா. அவ்வழக்குகளில் ஆபத்துக்கு இடமும் நாளும் முகமும் இருந்தன. அந்த ஆபத்து நீங்கினால் காரணமும் நீங்கிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை பேனாவோடு சேர்த்துச் சுமக்கப்படும் கத்திக்கு நாளுமில்லை, முகமுமில்லை.

மூன்று அங்குலம்

1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோக்கத்தை நிறுவ வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அதையும் கடந்தது. அதன் 139ஆம் பிரிவின்படி அலகோ கூரோ உடைய எப்பொருளையும் பொது இடத்தில் நல்ல காரணமின்றி வைத்திருப்பதே குற்றம். விலக்கு ஒன்று உண்டு: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, மடங்கக்கூடிய சட்டைப்பைக் கத்தி. தொழில், மதம், தேசிய உடை ஆகியவை நல்ல காரணங்களாகச் சட்டத்திலேயே குறிக்கப்பட்டன. சீக்கியரின் கிர்பானும் ஸ்கொத்லாந்தவர் காலுறையிற் செருகும் சிறு கத்தியும் இவ்வாறு இடம்பெற்றன.

‘மடங்கும் கத்திதானே’ என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இங்கேதான். திறந்த பின் பூட்டிக்கொள்ளும் கத்தி, பொத்தானையோ வளையத்தையோ இயக்கினாலன்றி மடங்காத கத்தி, அலகு எவ்வளவு சிறியதாயினும் இவ்விலக்குக்குள் அடங்காது என்று 1990களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பினெல் குடும்பம் 1955இல் உழவனின் விரலைக் காக்கச் சேர்த்த அந்தப் பூட்டு வளையமே இங்கிலாந்தின் தெருவில் ஒருவனைக் குற்றவாளியாக்கப் போதுமானது. விடுமுறைக்குப் பாரிசுக்கோ சூரிச்சுக்கோ போய்வரும்போது நினைவுப் பொருளாய் வாங்கிய கத்தியைப் பையில் இட்டபடியே இங்கு தெருவில் இறங்குவோர் இதனை மறத்தலாகாது. யேர்மனியும் 2008இல் ஒரு கையாற் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைப் பொது இடத்திற் கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்திற்று. ஒரு நாட்டில் ஆகுமென்பது மறு நாட்டில் ஆகாது.

மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டாத கத்தியாவது தப்புமா? பழம் வெட்டவெனில் தப்பும். ஆனால் ‘பாதுகாப்புக்கு’ என்று சொன்னால் 1953ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் வந்து நிற்கும்.

1995 டிசம்பர் 8ஆம் நாள் இலண்டனில் ஒரு பாடசாலை வாசலில் நடந்ததை ஆசிரியத் தொழில் செய்த எவரும் மறக்க முடியாது. தன் மாணவன் ஒருவனைக் கும்பலொன்று தாக்குவதைக் கண்டு தடுக்கச் சென்ற அதிபர் பிலிப் லோறன்ஸ் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவனுக்கு வயது 15. அடுத்த ஆண்டிலேயே 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பாடசாலை வளவினுள் கத்தி கொண்டு செல்வது தனிக் குற்றமாயிற்று. 16 வயதுக்குக் குறைந்தோர்க்குக் கத்தி விற்பது தடைப்பட்டது. தெருவிற் கத்தி வைத்திருந்தமைக்கு அதுவரை தண்டப்பணம் மட்டுமே இருந்த இடத்தில் 2 ஆண்டு வரை சிறை வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆண்டாக்கி, வாங்கும் வயதை 18ஆக உயர்த்திற்று. 2015 முதல் இரண்டாம் முறை பிடிபடும் வளர்ந்தவருக்குக் குறைந்தது 6 மாதச் சிறை என்று விதிக்கப்பட்டது.

2008இல் 16 வயதுப் பென் கின்செல்லா வட இலண்டனிற் குத்திக் கொல்லப்பட்ட பின் எழுந்த கிளர்ச்சியின் விளைவு இன்னும் கடுமையானது. கொலைக்கு ஆயுட் தண்டனை பெறும் வளர்ந்தவர் சிறையிற் கழிக்க வேண்டிய குறைந்த காலத்தைக் கணிக்கும்போது, சாதாரணமாக 15 ஆண்டிலிருந்து தொடங்குவர். கத்தியைச் சம்பவ இடத்துக்குக் கொண்டு சென்றிருந்தால் 25 ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று 2010இல் விதி வந்தது. பத்து ஆண்டு வேறுபாடு, ‘வீட்டிலிருந்து எடுத்துச் சென்றான்’ என்ற ஒரே காரணத்தால்.

தராசில் வைத்துப் பார்த்தால்

கத்தி வைத்திருப்பவர் கூறும் நன்மைகளைத் தட்டிக் கழிக்காமல் எடுத்துப் பார்ப்போம்.

மெலிந்தவனை வலியவனுக்குச் சமமாக்கும் என்பது முதலாவது. மடக்குக்கத்தியின் அமைப்பே இதற்கு மறுமொழி. பையிலிருந்து எடுத்து, இரு கைகளாலும் திறந்து, பிடியைச் சரிசெய்யும் வரை தாக்குபவன் காத்திருக்க மாட்டான். குளிரில் விறைத்த விரல்களும் நடுங்கும் கையும் அதற்கு உதவா. சட்டம் அனுமதிக்கும் பூட்டாத கத்தியால் வேகமாகக் குத்தினால், அலகு மடங்கிக் குத்தியவனின் விரல்களையே வெட்டும். மடங்காத பூட்டுக்கத்தியையோ சட்டம் அனுமதிக்காது. அதாவது தற்காப்புக்கென்று பார்த்தால், அனுமதிக்கப்பட்டது பயன்படாது, பயன்படக்கூடியது அனுமதிக்கப்படாது.

எதிரியை அஞ்சவைத்து விலக்கும் என்பது இரண்டாவது. பையினுள் மறைந்திருப்பது எவரையும் அஞ்சவைக்காது. வெளியே எடுத்துக் காட்டினாலோ, கைகலப்பு அக்கணமே உயிர்ப் போராட்டமாக மாறிவிடும். தள்ளிவிட்டுப் போக எண்ணியவனும் இனித் தன் கத்தியை எடுப்பான். அல்லது உன் கத்தியைப் பறிப்பான்.

மனத்துக்குத் தைரியம் தரும் என்பது மூன்றாவது. இதுவே உண்மையில் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெறுங்கையன் சண்டை வரும் தெருவை விட்டு விலகுவான்; ஓடவும் வெட்கப்பட மாட்டான். கத்தி உள்ளவன் நின்றுவிடுகிறான். ஓடித் தப்பியிருக்கக்கூடிய இடத்தில் அவனை நிறுத்தி வைப்பது அந்தத் தைரியமே. ‘காலிற் குத்தினால் சாகமாட்டான்’ என்று பிள்ளைகள் நம்புவதும் தவறு. தொடையின் பெருங்குருதிக் குழாய் அறுந்தால் நிமிடங்களில் உயிர் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் கூரிய ஆயுதங்களால் 282 பேர் கொல்லப்பட்டனர். இவ்வாறான பதிவு 1946இல் தொடங்கிய பின் அதுவே மிகக் கூடிய தொகை.

தராசின் மறு தட்டில் வேறு சிலவும் உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, அதிகாரமளிக்கப்பட்ட பகுதியில் சந்தேகமின்றியே எவரையும் நிறுத்திச் சோதிக்கப் பொலிஸாருக்கு இடமளித்தது. எவருடைய பிள்ளைகள் கூடுதலாக நிறுத்தப்படுகிறார்கள் என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றப் பொறுப்புக்குரிய வயது 10. நண்பன் குத்தும்போது உடன் நின்றவரும் கொலைக் குற்றவாளிகளான வழக்குகள் பல. உயர்ந்த நீதிமன்றம் 2016இல் இந்த விதியின் தவறான போக்கைத் திருத்தி, உதவும் எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. ஆயினும் ‘அவனிடம் கத்தி இருப்பது எனக்குத் தெரியும்’ என்ற கூற்று அந்த எண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படலாம்.

அகதிக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய பாரம் ஒன்றும் உண்டு. பிரித்தானியக் குடியுரிமை பெறாத ஒருவர் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், அவரை நாடுகடத்தும் கட்டளை பிறப்பிக்க 2007ஆம் ஆண்டின் எல்லைச் சட்டம் வகைசெய்தது. சிறுவர்க்கும் அகதிகளுக்கும் விதிவிலக்குகள் உள்ளன. ஆனால் 2022ஆம் ஆண்டுச் சட்டம், பாரதூரமான குற்றம் புரிந்த அகதி பாதுகாப்பை இழக்கும் எல்லையை 2 ஆண்டுத் தண்டனையிலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. எந்த ஆபத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தோமோ, அந்த ஆபத்தின் வாசலுக்கே ஒரு மடக்குக்கத்தி திருப்பியழைத்துச் செல்லக்கூடும்.

தாய் கேட்க வேண்டிய கேள்வி

அப்படியாயின் மகனின் பையிற் கத்தியைக் கண்ட தாய் என்ன செய்வது? அடித்துப் பறித்துக் குப்பையில் எறிவதால் அச்சம் நீங்காது. அவன் வேறொன்றை வாங்குவான். சமையலறை இழுப்பறையிலும் கத்திகள் உள்ளன. ‘ஏன் வைத்திருக்கிறாய்?’ என்ற கேள்வி மறுமொழியோடு முடிந்துவிடும். கேட்க வேண்டியது, ‘யாருக்குப் பயப்படுகிறாய்?’ என்பதே.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் அச்சத்துக்கு முகமும் இடமும் நாளும் கிடைத்துவிடும். முகம் தெரிந்த அச்சத்துக்கு வழிகள் உண்டு: வகுப்பாசிரியரிடம் எழுத்தில் முறையிடலாம், வேறு பாதையால், வேறு பேருந்தால் சில காலம் அனுப்பலாம், தந்தையோ மாமனோ வாசலிற் சென்று நிற்கலாம், பொலிஸாரிடம் முறைப்பாட்டு இலக்கம் பெறலாம், தேவையெனில் சட்டத்தரணியை நாடலாம். கத்தியைத் தெரு வழியே கொண்டு சென்று எறிய முற்படுவதும் ஆபத்தே. பொலிஸ் நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் அறிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைப்பதே தக்கது. தொழிலுக்குக் கத்தி தேவைப்படுவோர் அதை வேலைப் பெட்டியில் வைத்து, வேலைக்குச் செல்லும்போது கொண்டு சென்று, திரும்பியதும் வீட்டில் வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வேலையிற் பயன்பட்ட கத்தி சனிக்கிழமை இரவு கொண்டாட்ட மண்டபத்திற் சட்டைப்பையில் இருந்தால், அதற்கு நல்ல காரணம் சொல்ல முடியாது.

மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்றனர் எம் முன்னோர். பொன்னும் பணமும் கொண்டு நடந்தவனுக்குக் கள்வர் பயம் என்பது அதன் பொருள். இன்று எமது பிள்ளை பயத்தைப் போக்கவென்று மடியிற் கனத்தை ஏற்றிக்கொள்கிறான். எதிரே வரும் கும்பலுக்கு மட்டும் அஞ்சியவன், இனிப் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் தன் கைக்குமே அஞ்ச வேண்டியவனாகிறான். அந்தக் கனத்தை இறக்கி வைக்கும் பொறுப்பு பிள்ளையினுடையது மட்டுமன்று. அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று இதுவரை கேளாதிருந்த எம் எல்லோருடையதுமாகும்.